கோஸ் தெஸ்தூர்னெல்: புட்டியைத் திறப்பதற்கு முன்பும் பின்பும்

பிரெஞ்சுச் சிவப்பு ஒயினைப் பற்றி அறிய விரும்பும் புதியவர் முதலில் கேட்பது "எந்தப் புட்டியை வாங்கலாம்?" என்பதுதான். கடைக்காரர் ஒரு பெயரையும் ஒரு விலையையும் சொல்வார். அந்தப் பெயர் எந்த மண்ணைக் குறிக்கிறது, அதை எப்போது திறக்க வேண்டும், திறந்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அறியாமலேயே நாம் வீடு திரும்புவோம். போர்தோவின் உயர்ந்த ஒயின்களைப் பொறுத்தவரை, இப்படி வாங்கிய புட்டி பாதிப் பணத்தை வீணாக்கியதற்குச் சமம். ஆகவே இந்தக் கட்டுரையில் பல பெயர்களை அடுக்காமல், சேன்த் எஸ்தெஃப் என்ற ஊரிலுள்ள கோஸ் தெஸ்தூர்னெல் என்ற ஒரே தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒயினை ஒருவர் எந்த வரிசையில் அணுகினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கை: 'கோஸ்' என்பதன் கடைசி ஒலியை விழுங்கக் கூடாது. பிரெஞ்சில் பல சொற்களின் இறுதி மெய் ஒலிக்காது என்று கற்றவர்கள் இதைக் 'கோ' என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் 'கோஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

1. முதலில் வரைபடம்

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில், அட்லாண்டிக் கடலை நோக்கி நாக்குப் போல நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்கு மெதோக் என்று பெயர். நகரிலிருந்து டி2 என்ற சாலையில் வடக்கே சென்றால் மார்கோ, சேன் ஜூலியன், போயாக் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சேன்த் எஸ்தெஃப் வரும். புகழ்பெற்ற நான்கு ஊர்களில் வடகோடியில் இருப்பது இதுதான். இந்த ஊர்ப்பெயர்கள் முகவரிகள் மட்டுமல்ல, சட்டத்தால் காக்கப்பட்ட பெயர்களும்கூட. அந்தந்த எல்லைக்குள் விளைந்து, விதிக்கப்பட்ட திராட்சை வகைகளிலிருந்து, விதிக்கப்பட்ட முறையில் செய்யப்பட்ட ஒயினுக்கே அந்த ஊரின் பெயரைப் புட்டியில் எழுத உரிமை உண்டு. சேன்த் எஸ்தெஃபுக்கு அந்த உரிமை 1936-இல் கிடைத்தது.

போயாக்கையும் சேன்த் எஸ்தெஃபையும் பிரிப்பது ஒரு சிற்றோடை. அதன் தென்பக்கம் லாஃபித் என்ற புகழ்பெற்ற ஒயின் தோட்டம். ஓடையைக் கடந்து வடக்கே ஏறினால், சாலை வளைந்து திரும்பும் இடத்தில், மேட்டின்மேல் மூன்று கூம்புக் கோபுரங்களோடு கூடிய மணல் நிறக் கட்டடம் ஒன்று திடீரெனத் தெரியும். அதுதான் கோஸ். 'மேடு' என்று சொன்னதை நம் மலைகளோடு ஒப்பிட வேண்டாம். அதன் உயரம் 20 மீட்டரை ஒட்டியதுதான். ஆனால் மெதோக் போன்ற தட்டையான நாட்டில் அந்த 20 மீட்டரே பெருஞ்செல்வம். 'கோஸ்' என்ற பெயருக்கே, பழைய கஸ்கோன் மொழியில், கூழாங்கல் மேடு என்று பொருள் சொல்கிறார்கள்.

அந்தக் கூழாங்கல்லின் அருமையைப் புரிந்துகொண்டால் மெதோக்கின் பாதி புரிந்துவிடும். பிரெனே மலைகளிலிருந்தும் பிரான்சின் நடுப்பகுதி உயர்நிலங்களிலிருந்தும் ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டிக்கொண்டுவந்து குவித்த கற்கள் இவை. மழைநீர் இவற்றினூடே நில்லாமல் இறங்கிவிடுவதால், கொடி தண்ணீரைத் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் மாலையிலும் வைத்திருப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபர்நே சோவிஞோன் திராட்சை இவ்வளவு வடக்கேயும் முழுமையாகப் பழுக்கிறது. சேன்த் எஸ்தெஃபில் இந்தக் கல் படலத்துக்கு அடியில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும், தெற்கிலுள்ள ஊர்களைவிட, கூடுதலாக உண்டு. களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய கொடுங்கோடையில் பல ஊர்களின் கொடிகள் தவித்தபோது, சேன்த் எஸ்தெஃபின் ஒயின்கள் தலைநிமிர்ந்து நின்றதற்குக் காரணம் இந்த அடிமண்தான். குளிர்ந்த ஆண்டுகளில் அதே களிமண் பழுப்பதைத் தாமதப்படுத்தி, ஒயினுக்கு ஒரு கரடுமுரடான துவர்ப்பைத் தருவதும் உண்டு. "நல்ல கொடிகள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று மெதோக்கில் ஒரு சொலவடை வழங்குகிறது. அகன்ற கழிமுகத்தின் நீர்ப்பரப்பு அருகிலிருப்பதால் வசந்தகால உறைபனியின் கடுமை குறைவதை அந்த ஊரார் நெடுங்காலமாகவே கண்டுவைத்திருக்கிறார்கள்.

2. கோபுரங்களின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் 1762-இல் பிறந்தவர். கோஸ் என்ற அந்தச் சிற்றூரைச் சுற்றி அவருக்குச் சில திராட்சைத் துண்டுகள் கிடைத்தன. அக்கம்பக்கத்து ஒயினிலிருந்து அவற்றின் ஒயின் வேறுபட்டிருப்பதைக் கண்ட அவர், 1811-இலிருந்து அதைத் தனிப்பெயரில் செய்யத் தொடங்கினார். போர்தோ வணிகர்களின் கையை முழுவதும் நம்பாமல், தானே கடல்கடந்து விற்றார். அவருடைய புட்டிகள் இந்தியா வரை வந்தன. விற்காமல் கப்பலில் திரும்பிய புட்டிகள் பயணத்தால் மேலும் பக்குவப்பட்டிருந்தன என்றும், அவற்றை 'இந்தியாவிலிருந்து திரும்பியவை' என்ற அடையாளத்தோடு விற்றார் என்றும் அந்தத் தோட்டத்தின் மரபுக்கதை சொல்கிறது. கீழைநாட்டு வணிகத்தின் நினைவாகத்தான் அந்தக் கோபுரங்களை எழுப்பினார். அவற்றில் சீனமும் இந்தியாவும் கலந்த ஐரோப்பியக் கற்பனை தெரிகிறது. வாசலில் சான்சிபார் சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த செதுக்குக் கதவு இருக்கிறது. பிரெஞ்சில் இவற்றைப் 'பகோத்' என்கிறார்கள். ஒருகாலத்தில் ஐரோப்பியர் இதே சொல்லால்தான் தென்னாட்டுக் கோயில்களையும், நம் வராகன் என்ற பொற்காசையும் சேர்த்து அழைத்தார்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லில் ஒரு தூரத்து உறவு உண்டு. நம் மாலை நேரத்துப் பக்கோடாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இத்தகைய ஒயின் தோட்டங்களை அழைக்கும் 'ஷத்தோ' என்ற சொல்லைக் கேட்டால் மாளிகை என்று நினைக்கிறோம்; கோஸின் கோபுரங்களுக்குக் கீழே யாரும் குடியிருந்ததில்லை. அது ஒயினுக்காகக் கட்டிய கட்டடம். பீப்பாய்கள்தான் அங்கே குடியிருந்தன.

ஆடம்பரம் கடனில் முடிந்தது. 1852-இல் லண்டனைச் சேர்ந்த மார்ட்டின்ஸ் என்ற வங்கியாளரிடம் தோட்டத்தை விற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே லூயி காஸ்பார் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1855-இல், பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி போர்தோ தரகர்கள் மெதோக் ஒயின்களை ஐந்து படிநிலைகளாக வகைப்படுத்தியபோது, கோஸ் இரண்டாம் நிலையில் இடம்பெற்றது. தரகர்களின் அளவுகோல் நீண்டகாலச் சந்தை விலைதான். அந்தப் பட்டியல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டதுதான் அதில் நிகழ்ந்த பெரிய மாற்றம். 170 ஆண்டுகளுக்கு முந்தைய விலைப்பட்டியலை இன்றைய தரத்தின் சான்றாகக் கொள்வது சற்று வேடிக்கையானதே என்பது என் கருத்து. ஆனாலும் கோஸ் தன் இடத்துக்கு மேலேயே நிற்கிறது என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். பிற்காலத்தில் கினெஸ்தே, பிராட்ஸ் குடும்பங்களின் கையிலிருந்த தோட்டம் 2000-இல் மிஷேல் ரேபியே என்ற தொழிலதிபரின் உடைமையாயிற்று.

3. உள்ளே என்ன நடக்கிறது

இன்று தோட்டம் ஏறத்தாழ 100 ஹெக்டேர். கபர்நே சோவிஞோனே பெரும்பகுதி, அடுத்தது மெர்லோ, மற்ற வகைகள் சிறிதளவே. செப்டம்பர் நடுவில் மெர்லோவும், அதன்பின் கபர்நேயும் கையால் பறிக்கப்படும். 2008-இல் திறக்கப்பட்ட புதிய கூடத்தில் ஒயினை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லப் பம்புகளே கிடையாது. பழம் மேலிருந்து 72 கூம்புத் தொட்டிகளுக்குள் தன் எடையாலேயே விழுகிறது. நொதிக்கும்போது அடியிலிருந்து எடுக்கும் சாற்றை மீண்டும் மேலே ஊற்ற வேண்டுமானால், அதை ஒரு தொட்டியில் வாங்கி, அந்தத் தொட்டியையே மின்தூக்கியில் மேலே ஏற்றுகிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். பம்பு விதைகளையும் தோலையும் அரைத்துக் கசக்கினால் கசப்பான துவர்ப்பு இறங்கும். சேன்த் எஸ்தெஃப் பழத்தில் துவர்ப்பு ஏற்கெனவே மிகுதி என்பதால், அதை மென்மையாக எடுப்பதே இந்தத் தோட்டத்தின் முழுக் கவலை. பின்னர் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதிர்கிறது. ஒரு பீப்பாய்க்கு 300 புட்டிகள் என்பது கணக்கு.

4. வாங்குதல்: பெரிய புட்டியிலிருந்து தொடங்காதீர்கள்

இதுவே என் முக்கியமான அறிவுரை. கோஸின் முதன்மை ஒயின் பிரான்சிலேயே நூறு யூரோவைத் தாண்டும். அதை முதல் அனுபவமாகக் கொள்பவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. விலையின் பயம் நாக்கைக் கட்டிப்போட்டுவிடும். முதலில் அதே ஊரின், பட்டியலில் இடம்பெறாத ஒரு தோட்டத்தின் ஒயினை வாங்குங்கள்: மெனே, ஃபெலான் செகூர், ஓ மார்புசே ஆகியவை நம்பத்தக்கவை, விலையும் பெரிய புட்டியில் ஒரு பங்குதான். அதைக் குடித்துப் பழகியபின் பகோத் தெ கோஸுக்கு வாருங்கள். முதன்மை ஒயினுக்குத் தேர்ந்தெடுக்கப்படாத தொட்டிகளிலிருந்து, பெரும்பாலும் இளைய கொடிகளின் பழத்திலிருந்து, அதே கைகள் செய்யும் இரண்டாம் ஒயின் அது, 1994-இலிருந்து வருகிறது, சில ஆண்டுகளிலேயே குடிக்க இளகிவிடும். மூன்றாவதாகத்தான் கோஸ் தெஸ்தூர்னெல்.

புட்டியின் முகப்புச் சீட்டில் மூன்று செய்திகளைப் பாருங்கள். ஊர்ப்பெயர் சேன்த் எஸ்தெஃப் என்று இருக்க வேண்டும். தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்று பொருள்படும் 'மீ ஆன் புத்தேய் ஓ ஷத்தோ' என்ற தொடர் இருக்க வேண்டும். அறுவடை ஆண்டு தெளிவாக இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டமான கோஸ் லபோரி வேறு ஒயின். அது 1855 பட்டியலில் ஐந்தாம் நிலை. பெயரில் 'கோஸ்' இருப்பதைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. அது தரக்குறைவான ஒயின் அல்ல, நீங்கள் தேடி வந்தது அதுவல்ல, அவ்வளவே.

ஆண்டைப் பொறுத்தவரை, புகழ்பெற்ற ஆண்டுகளைத் தேடி ஓடுவதில் புதியவருக்கு லாபமில்லை. 2009 செழுமையானது, 2010 உறுதியானது, 2016 சமநிலை மிக்கது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் 2010-ஐயும் 2016-ஐயும் அவசரப்பட்டுத் திறப்பது பழுக்காத பலாவை அறுப்பதைப் போன்றது. 2012, 2017 போன்ற எளிய ஆண்டுகள் விலையும் குறைவு, விரைவாகவும் பேசத் தொடங்கும். மழையில் நனைந்த 2013-ஐத் தவிர்த்துவிடலாம்.

5. வைத்திருத்தல்

தக்கை உலராமல் இருக்கப் புட்டியைப் படுக்கவைக்க வேண்டும். 12 முதல் 14 பாகை வெப்பம், மிதமான ஈரம், இருட்டு, அசைவின்மை. அடுப்படி அலமாரி இதற்கு நேர் எதிரிடம். நம் வீடுகளின் வெப்பத்தில் ஒரு கோடைக்காலமே நல்ல ஒயினைக் கெடுத்துவிடும் என்பதால், ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லாதவர் வாங்கிய சில வாரங்களுக்குள் குடிப்பதே மேல். தக்கை சற்று மேலெழும்பியிருந்தாலோ, மூடிச்சுருளின் அடியில் பிசுபிசுப்பாக ஒழுகியிருந்தாலோ, அந்தப் புட்டி எங்கோ சூடுபட்டிருக்கிறது, கடையிலேயே மறுத்துவிடுங்கள்.

6. திறத்தல்

"அறை வெப்பநிலையில் பரிமாறுக" என்ற வாசகம் பழைய ஐரோப்பியக் கல்வீடுகளுக்கானது. 16 முதல் 18 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பாகை வெப்பமுள்ள அறையிலிருந்து எடுக்கும் புட்டியைச் சாதாரணக் குளிர்பெட்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் அந்த நிலைக்கு அருகில் வரும்.

இளம் கோஸ் ஒன்றை முதன்முதலில் திறந்தபோது நான் செய்த தவறு, திறந்தவுடன் ஊற்றிக் குடித்தது. வாழைப்பூவைப் பச்சையாக மென்றதைப் போல நாக்கும் ஈறும் இறுகிப் பிடித்துக்கொண்டன. பழம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வருத்தத்தோடு கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, அதே கோப்பையிலிருந்து கருநாவல் போன்ற பழவாசமும், இலவங்கப்பட்டையின் மெல்லிய காரமும், பென்சில் சீவிய மரத்தூளின் மணமும் எழுந்தன. காற்றுப் பட்டபின்தான் அது வாய் திறந்தது. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட புட்டியை அகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்றில் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவையுங்கள்.

இருபது ஆண்டு கடந்த புட்டிக்கு நோக்கம் வேறு: வண்டலைப் பிரிப்பது. முதல்நாளே நிமிர்த்தி வைத்துவிட்டால் வண்டல் அடியில் படியும். பழைய தக்கை உதிரும் என்பதால் திருகியை நேராகவும் மெதுவாகவும் இறக்குங்கள். பின்னர் புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியையோ கைபேசி விளக்கையோ வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். கடைசியில், தெளிந்த செந்நீரின் ஓரமாக, புகைக்கோடு போல ஒரு கருமை தோளிலிருந்து கழுத்துக்கு ஊர்ந்து வருவதைக் காண்பீர்கள். அது வாயை எட்டும் நொடியில் கையை நிமிர்த்திவிட வேண்டும். முதிர்ந்த ஒயினை அதற்குமேல் நெடுநேரம் காற்றில் விடக் கூடாது. அதன் மணம் மெல்லியது, பறந்துவிடும்.

7. சுவைத்தல்

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பார்த்தால், இளமையில் ஓரம் ஊதாவாகவும், முதுமையில் செங்கல் நிறமாகவும் தெரியும். முகரும்போது நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் வந்தால் தக்கையால் கெட்ட புட்டி அது. காத்திருந்தாலும் சரியாகாது, உணவகமாயின் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

வாயில் வைத்தபின் கவனிக்க வேண்டியது துவர்ப்பையே. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது: அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை எண்ணி வளர்ந்தவர்கள் நாம். நெல்லிக்காயின் துவர்ப்பு வேறு, பாக்கின் துவர்ப்பு வேறு, கடுக்காயின் துவர்ப்பு வேறு என்று நாக்குக்கு ஏற்கெனவே தெரியும். சேன்த் எஸ்தெஃபின் ஒயினை அந்த நாக்கோடு அணுகுங்கள். துவர்ப்பு மணல் போல நறநறக்கிறதா, துணி போல வழுக்கிச் செல்கிறதா? ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் நடுவிலா? விழுங்கியபின் முதலில் மறைவது பழமா, துவர்ப்பா? பழச்சுவை கடைசிவரை நின்றால் அந்தப் புட்டி தயாராகிவிட்டது; துவர்ப்பு மட்டும் எஞ்சினால், அதே ஆண்டின் இன்னொரு புட்டியைச் சில ஆண்டுகள் தொடாமல் வையுங்கள். கருநாவல், தேவதாரு, புகையிலை என்று பட்டியலிடுவதைவிட இந்தச் சோதனை பயன் மிக்கது.

உணவில், அந்த வட்டாரத்தின் பழைய துணை போயாக்கின் பால்குடி மறவாத ஆட்டுக்குட்டி இறைச்சி. கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். நம் சமையலில் மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி ஒத்துப்போகும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். அது துவர்ப்பையும் சாராயத்தின் எரிச்சலையும் இரண்டு மடங்காக்கிவிடும்.

8. நேரில் போக விரும்பினால்

முன்கூட்டியே நேரம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போங்கள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைய இவை கடைகள் அல்ல. அறுவடை நாட்களில் பலருக்கும் விருந்தினரைக் கவனிக்க நேரம் இருக்காது. போர்தோவிலிருந்து போயாக் வரை ரயில் உண்டு. அங்கிருந்து மிதிவண்டியில் கோஸ் மேட்டுக்குச் செல்வது சுகமான பயணம். கார் ஓட்டுவதானால் பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே வரம்பு என்பதை மறவாதீர்கள். சுவைக்கும் மேசையருகே துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, தொழில் தெரிந்தவர் செய்வது அதுதான்.

ஒரே மாலையில் புட்டி தீராவிட்டால், மிச்சத்தைத் தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து, அரைக் கோப்பை ஊற்றிப் பாருங்கள். இளம் புட்டியாக இருந்தால், முதல்நாளைவிட மறுநாள் நன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.